நாலாவது சாட்சிக்கு உடம்பு சரியில்லை

வாக்குமூலம் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் கையேடு கொடுத்திருப்பார்கள். எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், யாருடைய பெயரை மாற்ற வேண்டும், ஒலிப்பதிவை எங்கே பத்திரப்படுத்த வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவள் நான்தான். அதையே மறுபடி சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்கப் போவதில்லை. ஆனால் அதில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும். 'சாட்சியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் உரிமை சாட்சிக்கு மட்டுமே.' போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "இது எதுக்கு மேடம்? அவசரத்துல நாமளே முடிவு பண்ணக் கூடாதா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அந்த வரி எப்படி வந்தது என்று சொல்கிறேன். சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மக்கள் விசாரணை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டால் சொல்லத் திணறுவீர்கள்; முப்பது வருஷம் நானும் திணறியிருக்கிறேன். அது கோர்ட் இல்லை. அங்கே சொல்கிற தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு மண்டபத்தைப் பிடித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், டாக்டர் ஒருவர், பேராசிரியர் ஒருவர் என்று மூன்று பேரை மேடையில் உட்காரவைக்கிறோம். கூலி, வீடு, தண்ணீர், வேலை என்று எதில் வஞ்சிக்கப்பட்டார்களோ அதை அந்த மனிதர்களே எழுந்து நின்று ஊரறியச் சொல்கிறார்கள். மேடையில் இருப்பவர்கள் அதைப் பதிவு செய்து, அறிக்கையாக்கி, அதிகாரிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த அறிக்கையை அங்கே யார் படிக்கிறார்கள் என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். ஆனால் சொல்ல வருகிறவர்களுக்கு அது பெரிய நாள். இஸ்திரி போட்ட புடவையில்தான் வருவார்கள்.

நம் வேலை அவர்கள் சொல்வதை முன்கூட்டியே எழுதி வைப்பது. எழுதியதை அவர்களுக்கே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு கல் உடைக்கும் அம்மாளின் வாக்குமூலத்தில் 'எனது பொருளாதார உரிமைகள் மறுக்கப்பட்டன' என்று எழுதிவிட்டு, பெருமையாகப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாள் கவனமாகக் கேட்டுவிட்டு, "நல்லாகீதும்மா. யாரு சொன்னது இத?" என்றார். அன்றோடு அந்த வியாதி எனக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு வியாதி வந்தது. விவரம். நுணுக்கமான விவரம் இருந்தால்தான் மேடையில் இருப்பவர்கள் நம்புவார்கள் என்று, சாட்சிகளைத் துருவித் துருவிக் கேட்பேன். என்ன நிறத் தட்டு, எந்தப் பக்கக் கதவு, எத்தனை படி. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அப்படித்தான் ஸ்டெல்லாவின் வாக்குமூலத்தை எழுதினேன்.

ஸ்டெல்லா ஒரகடம் பக்கம், பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வயது முப்பத்தாறு. கணவர் கட்டட வேலையில் விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். இரண்டு பெண்கள், படிப்பில். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டெல்லாவுக்கு வேலை. தொழிற்சாலைக்கும் அவளுக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. நடுவில் ஆள் சப்ளை செய்யும் ஒரு கான்ட்ராக்டர். அந்தத் தொழிற்சாலையைக் கட்டுமுன் அதே நிலத்தில் அவள் அம்மா நாற்று நட்டுக் கூலி வாங்கியவர். நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது. நட்டவர்களுக்கு எதுவும் இல்லை, அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாததால்.

மகளின் கதையும் காகிதத்தின் கதைதான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய ஐடி கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று கொடுப்பார்கள். கான்ட்ராக்டர் பெயர் மாறியிருக்கும், சேர்ந்த தேதி மாறியிருக்கும். அதே லைன், அதே மேஜை, பக்கத்தில் அதே ஆள். வேலை நிரந்தரம் ஆகாது. ஆகுமா என்று கேட்கவும் வழி கிடையாது, ஏனென்றால் அவள் எப்போதுமே புதுசு.

நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். "ஒம்போது வருஷமா நிக்கறேன்க்கா. சூப்ரவைசரே எங்கிட்டதான் வேலை கத்துக்கினாரு. அட்டையப் பாத்தா போன மாசம் சேர்ந்தவ நானு." இதுதான் அவள் சொல்ல விரும்பிய விஷயம். ஒன்பது வருஷம் நான் அங்கே நின்றேன் என்பதை நாலு பேர் முன்னால் சொல்லி அது எங்காவது பதிவாக வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

பாதுகாப்புக்காகப் பெயரை மாற்றினேன். மல்லிகா என்று அவளே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துச் சிரித்தாள். தொழிற்சாலையின் பெயரை எடுத்தேன், கான்ட்ராக்டரின் பெயரை எடுத்தேன். மேடையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பேசுவது என்று ஏற்பாடு. "கல்யாணப் பொண்ணாட்டம் முக்காடு போட்டுக்கினு வரணுமா? எங்க வூட்டுக்காரரு பாத்தா இன்னா நெனப்பாரு!" என்று கிண்டல் வேறு.

எழுதி முடித்து அவள் வீட்டில் வைத்துப் படித்துக் காட்டினேன். 'தினமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பேன்' என்று தொடங்கியிருந்தேன். பெஞ்சு இல்லாத ஸ்டாப், மழை பெய்தால் தொட்டியின் தூணோடு ஒட்டி நிற்பது, எல்லாம் வந்திருந்தது.

"பஸ்ஸு ஸ்டாப்பக்கூட எழுதிட்டீங்களாக்கா?" என்றாள்.

"விவரம் இருந்தாத்தாம்மா நம்புவாங்க" என்றேன்.

உள்ளே படுத்திருந்த கணவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சரி, இருக்கட்டும் இருக்கட்டும்" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான் மறைமலை நகரில் குடியிருந்தவள். ஆபீசுக்கு ரயிலில் போய் ரயிலில் வந்தவள். ஒரகடம் பக்கத்து ஆட்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? பேரை இல்லை. "எந்த பஸ்ஸு, எந்த ஸ்டாப்பு?" என்றுதான். அதைச் சொல்லிவிட்டால் எந்தக் கம்பெனி, எந்த கான்ட்ராக்டர், எந்த ஷிப்ட் எல்லாம் தெரிந்துவிடும். பேரை மாற்றின நான் பஸ்ஸை மாற்றவில்லை. அத்தனை வருஷம் அந்த ரோட்டில் அலைந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். சாயங்காலம் அங்கே ஒரு ரிசப்ஷன், அதனால் ஒரு மணிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்பது பேச்சு. மொத்தம் ஒன்பது சாட்சிகள். ஸ்டெல்லா நாலாவது. முகம் மூடிப் பேசுகிறவர்கள் மணமகள் அறையில் காத்திருந்தார்கள். வாக்குமூலங்களை ஒரு சிறு புத்தகமாக அச்சடித்து, உள்ளே வருகிற எல்லோருக்கும் வாசலில் கொடுத்தோம். யார் வருகிறார்கள் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. ஊரறியச் சொல்வதுதானே நோக்கம்.

மூன்றாவது சாட்சி பேசிக்கொண்டிருந்தபோது, டீ கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் அருகில் வந்து குனிந்தாள். அவளும் அந்தப் பக்கத்துத் தொழிலாளிதான், எங்களுக்கு உதவிக்கு வந்தவள்.

"அக்கா, அஞ்சாவது வரிசை, நீலச் சட்டை. கான்ட்ராக்டர் ஆளு. பஸ்ஸுல தலை எண்றவன் அவன்தான்."

பார்த்தேன். ஒரு நாற்பது வயதுக்காரர். எங்கள் புத்தகத்தை மடியில் விரித்து, பேனாவோடு நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இருந்தா என்ன? பேரெல்லாம் மாத்தியிருக்கோமே."

"தண்ணித்தொட்டின்னு போட்டுகீதேக்கா" என்றாள். "காலை ஏழு மணிக்கு அந்த ஸ்டாப்புல ஏர்றது ஸ்டெல்லாக்கா ஒருத்திதான்."

மூன்றாவது சாட்சி முடிக்க இன்னும் நாலைந்து நிமிஷம் இருந்திருக்கும். அந்த நாலைந்து நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மணமகள் அறை என் நாற்காலியிலிருந்து இருபது அடி. போய் அவளிடம் விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால் பயந்து அழுவாள், அழவைத்தது நான் என்றாகும். இல்லை, பிடிவாதமாகப் பேசுவாள். பேசி வேலை போனால், தெரிந்தே பேசவிட்டது நான் என்றாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் 'நான்' என்றுதான் வந்தது. அப்போது எனக்கு அது அவளைப் பற்றிய கவலையாகத்தான் தெரிந்தது.

பட்டியலில் நாலாவது பெயரை அடித்தேன். மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினேன். நீதிபதி அதைப் பார்த்து மைக்கில் சொன்னார்: "நாலாவது சாட்சிக்கு உடம்பு சரியில்லை. ஐந்தாவது சாட்சி வரலாம்."

ஐந்தாவது சாட்சி வந்தார், ஆறாவது வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ஒரு ஆபத்தைத் தக்க நேரத்தில் தடுத்துவிட்டேன் என்ற நிம்மதி. ஆனால் ஒன்று. விசாரணை முடியும்வரை அந்த மணமகள் அறைப் பக்கம் நான் போகவே இல்லை. போகாததற்கு நூறு வேலை இருந்தது. பாத்ரூம் போகக்கூட வெளியில் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. நீதிபதி காரில் ஏறிவிட்டார், நீலச் சட்டை முன்னமே கிளம்பியாயிற்று. ரிசப்ஷன்காரர்கள் பூக்கூடைகளோடு வந்து நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மேல் வேறு சாக்கு இல்லாமல் அறைக்குள் போனேன். ஸ்டெல்லா பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவை அப்போதும் அவிழ்க்கவில்லை.

"அக்கா, எனக்கு இன்னா ஒடம்பு?" என்றாள்.

நான் கடகடவென்று சொன்னேன். பஸ் ஆள் வந்திருந்ததை, புத்தகத்தில் ஸ்டாப்பைப் போட்டது என் தப்பு என்பதை, பேசியிருந்தால் நேராக மாட்டியிருப்பாள் என்பதை.

"அவன் வந்துகீறான்னு எனக்குத் தெரியாதா? வாசல்லயே நின்னுகினு இருந்தான். இன்னா ஸ்டெல்லா, யாரு வூட்டுக் கல்யாணம்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"உள்ள வந்து உக்காருங்க சார், சொல்றேன்னேன்."

ஸ்டூலில் உட்காரச் சொல்லி அவள்தான் எழுந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

"பயமா இல்லையா ஸ்டெல்லா?"

"பயம் இல்லாமயா? ஸ்டாப்பு பேரு படிச்சீங்களே, அன்னிக்கே தெரியும் எனக்கு. வேலை போவும்னு வூட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன். அவரும், சொல்றதுன்னு ஆயிடுச்சு, சொல்லிட்டு வான்னாரு." முகத்தை மூடியிருந்த துணி மூச்சில் ஏறி ஏறி இறங்கியது. "பதினோரு மாசத்துக்கு ஒரு தபா அட்டைய நீட்டறவன் அவன்தான்க்கா. நீட்டிட்டு, வெல்கம்மான்னு சிரிப்பான். ஒம்போது வருஷமா அவன் பஸ்ஸுல ஏர்றேன், அவன்தான் எண்றான். அவன் உக்காந்து கேக்கணும். நாலு பேரு நடுவுல எழுந்து போவ முடியாம கேக்கணும். நீங்க யாரக் கேட்டு என்னக் காப்பாத்தினீங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விவரம் கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அளவுக்கு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அப்ப ஏம்மா வெளிய வரல? பேரச் சொல்லலன்னா நீயே எழுந்து வந்திருக்கலாமே!" என்று அவள் மீதே பாய்ந்தேன். தப்பு செய்தவர்களுக்கு வாய் அதிகம்.

"மறுபடி கூப்புடுவீங்கன்னு நெனச்சேன். எல்லாம் வரிசையா நடத்தறீங்க, நடுவுல பூந்தா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் தண்ணீர்த்தொட்டியில் நின்றாள். ஏழேகாலுக்கு எனக்குப் போன் வந்தது. "டிரைவர் அண்ணன் மெதுவாதான் வந்தாரு. முன் சீட்லேர்ந்து இவன் கைய ஆட்டினான். பஸ்ஸு நிக்கலக்கா." அவ்வளவுதான். ஒரு கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வாயைத் திறக்காமலேயே வேலை போய்விட்டது. காட்டிக்கொடுத்தது என் புத்தகம்.

அன்றே கான்ட்ராக்டரின் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். சேர்ந்த தேதி போன மாதம். "ஒரு மாசந்தான் மேடம். புரொபேஷன்ல ஒத்து வரலன்னா நிறுத்திடுவோம். அதுல கேஸ் ஒண்ணும் கெடையாது." ஒன்பது வருஷம் தம்பி என்று கத்தினேன். "ரெக்கார்டு இல்லியே மேடம்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. பழைய அட்டை ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டுதானே புதியதைக் கொடுத்தார்கள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீதிபதி வீட்டுக்குப் போனேன். அறிக்கையிலாவது அவள் வாக்குமூலத்தைச் சேர்க்கும்படி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "ஆள் எழுந்து நின்னு சொல்லாத காகிதத்த எப்படிம்மா சாட்சின்னு எடுத்துக்கறது? உடம்பு சரியில்லன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அப்படித்தான் பதிவாகியிருக்கு." எட்டுப் பேரின் சாட்சியோடு அறிக்கை வந்தது.

நான் செய்த தப்பு ஸ்டாப் பேரை எழுதியது என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான் பேசினார்கள். அந்த மாதமே பஸ், ஸ்டாப், ஷிப்ட் எதையும் எழுதக் கூடாது என்று விதி போட்டோம். கையேட்டில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அது தெரியாமல் நடந்த தப்பு, ஒரு விதியால் சரியாகிவிடும். இருபது அடி நடக்காதது தெரிந்து செய்தது. நெருக்கடியில் நமக்கு முதலில் வருவது பயம். எதிரில் இருப்பவருக்கும் அதே பயம்தான் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஏழை என்றால் இன்னும் சுலபம். அவர்களுக்கும் சேர்த்து நாமே பயந்து, நாமே முடிவெடுத்து, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்துவிடுகிறோம். உங்களுக்கும் அந்த நாலு நிமிஷம் ஒரு நாள் வரும். ஓடிப்போய்ச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூடவே நில்லுங்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து மறைமலை நகரில் இன்னொரு விசாரணை ஏற்பாடானது. ஸ்டெல்லா அப்போது வல்லக்கோட்டைப் பக்கம், கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் தேடிப் போனேன். தரையில் உட்கார்ந்து ஒரு மூட்டை பீன்ஸைக் கொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். மனையை நகர்த்திப் போட்டு, சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டாள். பெரிய பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் என்றாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை அவளைத்தான் முதலில் கூப்பிடுவோம் என்றேன். முக்காடு வேண்டாம், வேறு பேர் வேண்டாம், இனிமேல் இழக்க ஒன்றும் இல்லையே, சொந்தப் பேரிலேயே அந்த ஒன்பது வருஷத்தையும் சொல்லிவிடலாம் என்றேன். வரும் வழியெல்லாம் இதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் கையிலிருந்த ஒரு பிடி பீன்ஸை நறுக்கி முடித்தாள்.

"வோணாம்க்கா."

"என் மேல கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு? நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு நான் வேலைல இருந்தேன்க்கா. வேலைல இருக்கறவ எழுந்து சொன்னா, அத சாட்சிம்பாங்க. இப்ப போய்ச் சொன்னா, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க, அந்தக் கடுப்புல பேசறாம்பாங்க. அவனும் அதேதான் சொல்லுவான். எனக்கு அந்த ஒரு நாளுதான் இருந்துது."